சார்பிட்ரேட் எப்போது நாக்கின் அடியில், மோனோட்ரேட் எப்போது வயிற்றுக்குள்

நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் அடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரேட் வகை மருந்து இரண்டு எழுதித் தருவார்கள். சார்பிட்ரேட் வலி வரும்போது, மோனோட்ரேட் தினமும். குழப்பமே இங்கேதான்.

வலி வந்ததும் உட்காருங்கள். மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், பிரஷர் இறங்கும், நின்றிருந்தால் மயங்கி விழுவீர்கள். சார்பிட்ரேட் 5 மி.கி. ஒன்றை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடுங்கள். தண்ணீர் விட்டு விழுங்கினால் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும், வேலை தாமதமாகும். 5 நிமிடத்தில் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108. வாயு என்று சோடா குடித்துக் காத்திருப்பதோ, காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புவதோ வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக, பொதுவாக மொத்தம் 3 மாத்திரைதான். தலைசுற்றினால் அடுத்தது வேண்டாம், காலை உயர்த்திப் படுங்கள். இன்னொன்று: மாத்திரைக்கு வலி அடங்கியதாலேயே அது இதய வலி என்று ஆகிவிடாது. உணவுக்குழாய் இறுக்கமும் இதற்கு அடங்கும்.

மேடேறினால் வலி நிச்சயம் என்று தெரிந்தவர்கள், டாக்டர் சொல்லியிருந்தால், சுமார் 15 நிமிடம் முன்பே ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதை நம்பிச் சோளிங்கரில் 1305 படி ஏற வேண்டாம், ரோப் கார் இருக்கிறது.

தினசரி மாத்திரையில் நேரம்தான் எல்லாம். மோனோட்ரேட் 20 மி.கி. இரண்டு வேளை என்றால் காலை 8, மதியம் 3. பலர் வழக்கம்போல் காலை, இரவு என்று போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க மருந்து இருந்தால் ரத்தக்குழாய் பழகிப்போய் அதற்கு அசைந்துகொடுக்காது. தினமும் 10 முதல் 14 மணி நேரம் மருந்தில்லாத இடைவெளி வேண்டும். மருந்தை மெதுவாக வெளிவிடும் நீண்டநேர மாத்திரை என்றால் காலையில் ஒன்றே. அதைப் பொடிக்கக் கூடாது. இரவில்தான் வலி என்றால் நேரத்தை டாக்டர் மாற்றித் தருவார்.

வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரம் நைட்ரேட் தொடக் கூடாது. பிரஷர் உயிருக்கே ஆபத்தாக இறங்கும். காஷுவாலிட்டியில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வேலூர் மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மாத்திரை வைக்காதீர்கள். நாக்கின் அடியில் வைக்கும் இன்னொரு நைட்ரேட்டான நைட்ரோகிளிசரின் மாத்திரை என்றால் அது வந்த கண்ணாடி பாட்டிலிலேயே, மூடி இறுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் வீரியம் போய்விடும்.

முதல் சில நாள் தலைவலி வரும், பாராசிட்டமால் போதும். அதற்காகத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பும். டாக்டர் அளவைக் குறைத்துத் தருவார்.