ஜப்பானுக்கு முதல் தடவை போகிறீர்களா? சோறு, ரயில், செருப்பு

டிக்கெட் போட்டதும் எல்லோரும் செர்ரிப் பூ எப்போது பூக்கும், ஃபுஜி மலை எங்கிருந்து நன்றாகத் தெரியும் என்றுதான் தேடுகிறார்கள். தேடுங்கள். ஆனால் உங்களோடு சைவம் சாப்பிடுகிற அம்மாவோ மாமியாரோ வருகிறார்கள் என்றால் முதலில் சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்கள், ஏனென்றால் அந்த நாட்டில் நம்மவர்கள் உண்மையில் திண்டாடுவது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டோஃபு, காய்கறி சூப், வெறும் நூடுல்ஸ் எல்லாம் பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும். அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கும். அதைப் பெரும்பாலும் காய வைத்த சூரை மீனைச் சீவிப் போட்டுத்தான் எடுப்பார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு மாசிக் கருவாடு என்றால் சட்டென்று புரியும், கிட்டத்தட்ட அதே பொருள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மேலே இருக்கிற இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு அது ஏமாற்று இல்லை, தாஷி அவர்களுக்கு நம் புளித்தண்ணீர் மாதிரி, அதை யாரும் மீன் என்று கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: 'நிக்கு மோ சக்கானா மோ தபேமாசென்.' நிக்கு இறைச்சி, சக்கானா மீன், 'மோ' நம்முடைய 'உம்', கடைசியில் வினைச்சொல். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். வார்த்தை வரிசைகூட மாறவில்லை பாருங்கள், தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய வாக்கியம் அமைப்பது இந்த அளவுக்கு எளிது. அதோடு 'தாஷியும் வேண்டாம்' என்பதையும் சேர்த்து ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக் காட்டுங்கள்.

கைவசம் ஒரு வழி எப்போதும் உண்டு. செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகள் நகரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும், பெரும்பாலானவை இரவிலும் திறந்திருக்கும். அங்கே வெந்த சோறே பாக்கெட்டில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சூடாக்கினால் போதும். சர்க்கரை சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். ஜப்பான் அரிசி கொஞ்சம் ஒட்டும், தயிர்சாதத்துக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோங்கள், எனக்கு அதனால் சிக்கல் வந்ததில்லை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி வகைகள் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். முழுச் சைவமாகவே இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றால் கோயாசான் மலைக்குப் போங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் தங்க இடம் தருகிறார்கள், துறவிகளின் சமையலில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

குச்சியால் சாப்பிடத் தெரியாவிட்டால் ஸ்பூன் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது உறவினர்கள் செய்வது அது. வாய்க்கரிசி என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ரயில். நாடு முழுக்க ரயிலில் சுற்றுவதற்கான ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று பழைய வீடியோக்களில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது, டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்ப ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட் சுமார் 28,000 யென்தான். ஊருக்குள் சுற்றப் பணம் போட்டு வைத்துத் தட்டிப் போகிற சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை போதும், ஐபோனில் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம், நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அது முடியாது. பெட்டிக்குள் போனில் பேசக் கூடாது, இதை மட்டும் தயவுசெய்து கடைப்பிடியுங்கள், வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் இறங்கிப் பேசலாம். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் போதும். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் நின்றுவிடும், காலை ஐந்து மணி வாக்கில்தான் மறுபடி ஓடும், டாக்ஸிக்குக் கொடுத்தால் கை கடிக்கும்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால் உள்ளே ஒரு ஸ்லிப்பர் தருவார்கள், பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்ற வேண்டும், கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர். அதைப் போட்டுக்கொண்டே திரும்பி வந்துவிடாதீர்கள். ஒரு நாளில் பத்து முறை கழற்றி மாட்டுவீர்கள், லேஸ் இல்லாத ஷூ எடுத்துப் போங்கள்.

தெருவில் குப்பைத்தொட்டி அநேகமாக இருக்காது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்தார்களே, அதற்குப் பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குக் கொண்டுவந்து போடலாம். டிப்ஸ் கொடுக்க வேண்டாம், மேசையில் விட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெளிநாட்டவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சளி மாத்திரை கொண்டுபோனால் சூடோஎபெட்ரின் என்ற மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை.

மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். போன் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும். இங்கிருந்து சின்ன ரைஸ் குக்கர் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் வேண்டாம், நம் 230 வோல்ட் குக்கர் அங்கே சரியாகச் சூடாகாது. போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நிலம் ஆடினால் வெளியே ஓடாமல் மேசைக்கு அடியில் போங்கள்.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், சின்னக் கடைகளிலும் கோயில்களிலும் இன்னும் அதுதான் செல்லும். அப்புறம், 500 யென் ஒரே நாணயம், நம் பணத்தில் கிட்டத்தட்ட 300 ரூபாய், சில்லறைதானே என்று பையில் போட்டுக்கொண்டே இருந்தால் கடைசி நாளில் கனமாகச் சேர்ந்திருக்கும். ஊருக்கு வந்தால் நாணயத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள், கிளம்புவதற்கு முன் விமான நிலையத்துக் கடையில் எண்ணிக் கொடுத்து ஏதாவது வாங்கிவிடுங்கள்.