ஸ்கைலைன் வாங்குமுன் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள்

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது 1999 முதல் 2002 வரைதான். 25 வயது தாண்டிய கார்களுக்கு அமெரிக்கா இறக்குமதி விதிகளைத் தளர்த்துவதால் கிராக்கி இன்னும் கூடிவிட்டது. கூடவே ஏமாற்று வேலையும்: சாதாரண ஜிடி-டி காருக்கு ஜிடி-ஆர் வேஷம் கட்டிவிடுவார்கள். பம்பரையும் பேட்ஜையும் நம்பாதீர்கள். சேஸிஸ் எண் 'பிஎன்ஆர்34' என்று தொடங்க வேண்டும். 'ஈஆர்34' என்றால் இன்ஜினே வேறு.

ஜப்பானிய ஏலத் தாளையும், அதாவது ஏலத்தில் காரைப் பரிசோதித்து அதன் நிலையைக் குறித்த தாளையும், கேளுங்கள். தரம் 'ஆர்' என்றிருந்தால் பெரும்பாலும் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. பெரிய டர்போ மாட்டியதைவிட, கம்பெனி பாகங்கள் அப்படியே இருக்கும் காருக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மவுசு. கைவைக்காமல் விட்டவர்கள் குறைவாயிற்றே! கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் பரணில் கிடந்தால், அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.