‘நாளைக்கு வேற ஆள் வாறார்’: திருகோணமலையில் வீடு வாங்கும்போது விடும் பிழைகள்

திருகோணமலையில் வீடு தேடுகிறோம் என்று ஒருவருக்குச் சொன்னால் போதும், பின்னேரத்துக்குள் நாலு தரகர்மாரிடம் உங்கள் நம்பர் இருக்கும். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உவர்மலையில் எந்த வளவு விலைக்கு வருகிறது, அன்புவழிபுரத்தில் யார் வெளிநாட்டிலிருந்து விற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் நெருக்கத் தொடங்கியதும் நாங்கள் தடுமாறி வரிசையாகப் பிழை விடுகிறோம். நானும் விட்டவன்தான்.

வீட்டைத் தரகர் சொன்ன நேரத்தில், தரகரோடு மட்டும் போய்ப் பார்ப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஆவணி மாதம் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு வீடு பார்க்கப் போனோம். அவர் எங்களுக்கு முன்னமே போய் ஜன்னலெல்லாம் திறந்து, ஃபானையும் போட்டு வைத்திருந்தார். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. நான் மாபிளைப் பார்த்து மயங்கி நிற்க, மனைவி மட்டும் அடுப்படிக் கதவடியில் குனிந்தாள். நிலையின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மரம் கறுத்து உப்பிப்போய் இருந்தது, சுவருக்கு அடித்தவர்கள் நிலைக்கு அடிக்க மறந்துவிட்டார்கள் போல. கேட்டால், “அது வீடு கழுவுற தண்ணி பட்டது தங்கச்சி” என்றார். அடுத்த நாள் தனியாகப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கதை கொடுத்தேன். “மார்கழியில வந்து பாருங்கோ தம்பி” என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் மழை ஐப்பசி தொடங்கித் தை வரைதான், ஆடி ஆவணியில் எந்தப் பள்ளக் காணியும் மேட்டுக் காணி மாதிரித்தான் தெரியும். மழைக்காலம் வரை பொறுக்க முடியாவிட்டால், தண்ணீர் எதுவரை வரும் என்று அந்த ஒழுங்கையில் இரண்டு வீட்டிலாவது கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் உவர்ப்பு இருந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும்.

அடுத்தது அட்வான்ஸ். “நாளைக்குக் காலமை கனடாக்காரர் ஒருவர் வாறார், இண்டைக்கே ஒரு ரெண்டு லட்சம் குடுத்து வச்சா நான் மறிச்சு வைப்பன்” என்பார்கள். அந்தக் கனடாக்காரரை நான் மூன்று வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒருநாளும் கண்டதில்லை. கொப்பித் தாளில் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பதுதான் இதில் பெரிய முட்டாள்தனம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசு (காணி உறுதிப் பத்திரம் எழுத அனுமதி பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறுந்துண்டைக் காட்டி ‘வீட்டை எனக்கு எழுதித் தா’ என்று வழக்கு வைக்க முடியாது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு அலையலாம், அவ்வளவுதான். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் ஒப்பந்தம் எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, காசை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போடுங்கள். தரகரின் கையில் ஒரு சதமும் வேண்டாம்.

உரிமையாளரோடு நேரடியாகப் பேசவே விடாத தரகர்களும் உண்டு. அவருக்கு நேரமில்லை, அவருக்குச் சுகமில்லை, எல்லாம் என்னைப் பேசச் சொல்லிவிட்டார் என்று ஏதாவது ஒரு கதை இருக்கும். பெரும்பாலும் உரிமையாளர் கேட்ட விலை 85 லட்சமாகவும் உங்களுக்குச் சொன்ன விலை ஒரு கோடியாகவும் இருக்கும். ஆள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்தாலும் வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அற்றோர்னித் தத்துவத்தை, அதாவது உரிமையாளர் தனக்காக விற்கச் சொல்லி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து இங்கே ஒருவர் விற்கிறார் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும். பேப்பர் மட்டும் புதுசு மாதிரியே இருக்கும்.

‘லோயர் நம்மட ஆள்தான், எல்லாம் அவர் பார்ப்பார்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு நொத்தாரிசிடம் போங்கள். அவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போகும், எழுதும்போது தாய் தகப்பன் தங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்வார்கள். அந்த அம்மா உயிரோடு இருந்தால் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிய வீட்டின் முன் அறையில் சட்டப்படி அவர் இருக்கலாம். அப்புறம் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று உறுதியில் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். மற்றப் பங்காளிகள் யார் யார், எங்கே என்று தெரியாமல் அதைத் தொடவே வேண்டாம்.

“பேர்மிட் காணிதான், ஆனா உறுதி மாதிரித்தான்” என்ற வசனத்தைக் கேட்டால் சிரித்துவிட்டு எழும்புங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியை, அது அனுமதிப்பத்திரமோ அளிப்போ எதுவாக இருந்தாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ‘கடல் பார்த்த வீடு’ என்று காட்டினால் இன்னொன்றையும் யோசியுங்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்கு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பின்னால் இரண்டு அறை போட்டு ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று தரகர் வாயால் போட்ட கணக்கில் இது இருக்காது.

வீட்டில் ஆட்கள் இருந்தால் எழும்பிய பிறகுதான் மீதிக் காசு. ‘மாசக் கடைசியில போயிடுவாங்க’ என்பதை நம்பி உறுதி முடித்த என் சிநேகிதன் ஒருவன் ஒன்றரை வருடமாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிறான்.

முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்றும் சொல்வார்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அதாவது ஒரு கோடிக்கு 3,99,000 ரூபாய். கேட்க நெஞ்சு அடைக்கும்தான். ஆனால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்று கோட்டுக்குப் போனால் தாளில் இருக்கிற தொகையைத்தான் பார்ப்பார்கள். வங்கிக் கடன் எடுக்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு சரிவராது.

தரகுக் காசை முதல் நாளே பேசி முடியுங்கள், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று. உறுதியில் கையெழுத்து விழும் அன்றைக்குக் கொடுத்தால் போதும். இடையில் பெற்றோலுக்கு என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் அது உங்கள் விருப்பம். நான் கொடுத்தேன், மனுசனும் அந்த வெயிலில்தானே திரிகிறார்.