அமெரிக்கால ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ்: ஊர்ல பி.ஆர்க் முடிச்சிட்டு வர்றவங்க முதல்ல செய்ய வேண்டியது

ஊர்ல அஞ்சு வருஷம் பி.ஆர்க் படிச்சு, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல ரெஜிஸ்டர் பண்ணி, விசிட்டிங் கார்டுல பேருக்கு முன்னாடி ஆர்.னு போட்டு பழகினவங்க இங்க வந்து இறங்கினதும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, அந்த ஆர்க்கிடெக்ட்ங்கற வார்த்தைய இங்க லைசென்ஸ் இல்லாம போடக்கூடாது. சட்டப்படி தப்பு. ரெஸ்யூமேல, லிங்க்ட்இன்ல, ஈமெயில் கையெழுத்துல எங்கயும் வேணாம், ஆர்க்கிடெக்சுரல் டிசைனர்னு போடுங்க. இது அவமானம் இல்லங்க, இங்கயே படிச்ச பசங்களும் லைசென்ஸ் வர்ற வரைக்கும் அப்படித்தான் போடுறாங்க.

லைசென்ஸ் குடுக்கறது மத்திய அரசு இல்ல, ஒவ்வொரு ஸ்டேட்டோட போர்டும் தனித்தனியா குடுக்குது. 1897ல இல்லினாய்ஸ்தான் முதல்ல சட்டம் போட்டுச்சு, அப்புறம் ஒவ்வொரு ஸ்டேட்டா போட, எல்லாரையும் ஒரு வழிக்கு கொண்டு வர 1919ல என்கார்ப்னு ஒரு அமைப்பு வந்துச்சு. நம்ம வேலை செஞ்ச மணிக்கணக்கு, பரீட்சை, ரெக்கார்டு எல்லாம் இவங்ககிட்டதான் இருக்கும். ஏ.ஐ.ஏ வேற, அது ஆர்க்கிடெக்ட்களோட சங்கம், அதுல மெம்பர் ஆயிட்டா லைசென்ஸ் வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் இதுல குழம்புறாங்க.

வேணுங்கறது மூணு: படிப்பு, அனுபவம், பரீட்சை. நம்ம ஆளுங்க மாட்டிக்கறது படிப்புலதான், அதனால அத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பெரும்பாலான ஸ்டேட்ல எளிதான வழி நாப்னு ஒரு அமைப்பு அங்கீகாரம் குடுத்த டிகிரி. நம்ம ஊர் பி.ஆர்க் அந்த லிஸ்ட்ல கிடையாது, அண்ணா யூனிவர்சிட்டியா இருந்தாலும் சரி திருச்சி என்.ஐ.டியா இருந்தாலும் சரி. அதுக்காக படிச்சதெல்லாம் வீண்னு நெனச்சு உடனே அம்பது அறுபது லட்சம் கடன் வாங்கி எம்.ஆர்க் சேர ஓடாதீங்க. நாப் அமைப்பே ஈ.ஈ.எஸ்.ஏன்னு ஒரு மதிப்பீடு நடத்துது, நீங்க படிச்ச ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து இங்க உள்ள கல்வித் தரத்தோட ஒப்பிட்டு, எதெல்லாம் சரி, எதுல எவ்ளோ கிரெடிட் குறையுதுன்னு ரிப்போர்ட் குடுப்பாங்க. குறையறத மட்டும் படிச்சு முடிச்சா போதும்.

எனக்கு வந்த ரிப்போர்ட்ல டிசைன், ஸ்ட்ரக்சர், ஹிஸ்டரி எல்லாம் நிறைஞ்சு வழிஞ்சுது, குறைஞ்சது ஜெனரல் எஜுகேஷன், அதாவது இங்கிலீஷ் காம்போசிஷன், சமூக அறிவியல் மாதிரி ஆர்க்கிடெக்சருக்கு வெளிய உள்ள பாடம். நம்ம பி.ஆர்க்ல முதல் செமஸ்டர்லேந்தே ஸ்டூடியோ, ஜூரி, விடிய விடிய ஷீட்டுன்னே போயிருதுல்ல, இந்த பாடத்துக்கெல்லாம் இடமே கிடையாது, அதான் காரணம். வேலைக்கு போயிட்டே சாயங்காலம் பக்கத்துல இருந்த கம்யூனிட்டி காலேஜ்ல கிளாஸ் எடுத்து முடிச்சேன், எம்.ஆர்க் ஃபீஸோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்ப கம்மி செலவு.

இந்த மதிப்பீட்டுக்கு மார்க்ஷீட் மட்டும் பத்தாது, ட்ரான்ஸ்கிரிப்ட் யூனிவர்சிட்டிலேந்து வரணும், கூடவே ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் வேணும். இங்கதான் எனக்கு ஆறு மாசம் போச்சு. நான் படிச்சது எந்த ரெகுலேஷன், அதாவது எந்த வருஷத்து பாடத்திட்டம்னே எனக்கு ஞாபகம் இல்ல, காலேஜ்ல ஃபோன் பண்ணா பழைய சிலபஸ் இல்லன்னுட்டாங்க, கடைசில என் தம்பி லீவு போட்டு நாலு தடவ அலைஞ்சு வாங்கி குடுத்தான். இன்னும் ஃப்ளைட் ஏறாதவங்க யாராவது இத படிச்சா, உங்க பேட்சுக்கு உள்ள ரெகுலேஷனோட முழு சிலபஸ், சீல் வெச்ச ட்ரான்ஸ்கிரிப்ட் ரெண்டு மூணு செட், டிகிரி சர்டிஃபிகேட், கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு கிளம்புங்க. ஊறுகாய் அடுத்த வருஷம் கூட வரும்.

எம்.ஆர்க் பண்றதுன்னே முடிவு பண்ணவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், இத தெரியாம நிறைய பிள்ளைங்க ஏமாந்துட்டாங்க. அங்கீகாரம் காலேஜுக்கு இல்ல, அந்த குறிப்பிட்ட டிகிரிக்கு. ஒரே காலேஜ்ல எம்.ஆர்க்குக்கு அங்கீகாரம் இருக்கும், எம்.எஸ் ஆர்க்கிடெக்சருக்கு இருக்காது, அர்பன் டிசைனுக்கு இருக்காது. இன்னொரு சிக்கல், அஞ்சு வருஷ பி.ஆர்க் முடிச்சவங்கள பல காலேஜ்ல ஒரு வருஷம் ஒன்றரை வருஷ போஸ்ட் ப்ரொஃபஷனல் கோர்ஸ்ல போடுவாங்க, சீக்கிரம் முடியுது செலவு கம்மின்னு நம்மளும் சந்தோஷமா சேருவோம், ஆனா அந்த கோர்ஸுக்கு நாப் அங்கீகாரம் கிடையாது, ஏன்னா உங்க முதல் டிகிரியே ப்ரொஃபஷனல் டிகிரின்னு எடுத்துக்கறாங்க, அது இந்தியால வாங்கினதுன்னு யோசிக்கறதில்ல. ரெண்டு வருஷ ப்ரொஃபஷனல் ட்ராக்ல அட்வான்ஸ்ட் ஸ்டாண்டிங், அதாவது ஏற்கனவே படிச்சத கணக்குல எடுத்துக்கிட்டு நேரா மேல் நிலைல சேத்துக்கறது, குடுப்பீங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே ஈமெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. அதே ஈமெயில்ல அந்த டிகிரி ஸ்டெம் லிஸ்ட்ல, அதாவது அறிவியல், டெக்னாலஜி படிப்புகளோட அரசு பட்டியல்ல இருக்கான்னும் கேளுங்க, இருந்தா படிச்சு முடிச்சதும் ஸ்டூடண்ட் வீசாலயே வேலை செய்ய விடற 12 மாச ஓ.பி.டிக்கு மேல 24 மாசம் நீட்டிக்க முடியும், வீசாவுக்கு அது பெரிய மூச்சு.

எல்லா ஸ்டேட்டும் ஒரே மாதிரி இல்லன்னு சொன்னேன்ல, கலிஃபோர்னியால படிப்பும் வேலையும் சேத்து 8 வருஷக் கணக்கு காட்டினா நாப் டிகிரி இல்லாமலும் வழி இருக்கு, கூட அந்த ஸ்டேட்டுக்குன்னே தனியா ஒரு பரீட்சை எழுதணும். நியூயார்க்ல இதே மாதிரி 12 வருஷக் கணக்கு. ஆனா அங்க வாங்கிட்டு வேற ஸ்டேட்டுக்கு மாறினா அந்த போர்டு மறுபடியும் டிகிரிய கேக்கலாம். அதனால எங்க குடியிருக்கப் போறீங்கன்னு ஓரளவு முடிவு பண்ணிட்டு அந்த போர்டோட விதிய முதல்ல படிங்க, தெரிஞ்ச அண்ணா சொன்னாரு அக்கா சொன்னாங்கன்னு போகாதீங்க, அவங்க ஸ்டேட் வேறயா இருக்கும். நான் சொல்றதையும் அப்படியே எடுத்துக்காம போர்டு சைட்ல ஒரு தடவ சரிபாருங்க.

அனுபவத்துக்கு என்கார்ப் நடத்தற ஏ.எக்ஸ்.பின்னு ஒரு திட்டம், ஆறு பிரிவுல மொத்தம் 3,740 மணி நேரம். அதுல 1,520 மணி நேரம் வொர்க்கிங் ட்ராயிங் சம்பந்தப்பட்டது, 1,080 டிசைன், அது ரெண்டும் தானா சேந்துரும். ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட், சைட் வேலையெல்லாம் நம்மளா கேட்டு வாங்கலன்னா சேராது, புதுசா வந்தவங்கள ரெவிட்னு வரையற சாஃப்ட்வேர் முன்னாடி உக்கார வெச்சுட்டு விட்டுருவாங்க, பாஸ்கிட்ட வாய விட்டு கேளுங்க, சைட் மீட்டிங்குக்கு நானும் வரேன்னு. ஊர்ல ரெஜிஸ்டர் ஆன ஆர்க்கிடெக்ட்கிட்ட வேலை செஞ்ச மணி நேரமும் அதிகபட்சம் 1,860 வரைக்கும் எடுத்துக்குவாங்க, அவரு ஆன்லைன்ல அப்ரூவ் பண்ணணும், அதனால பழைய பாஸோட ஈமெயில விட்றாதீங்க, பொங்கலுக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்புங்க.

வேலை செஞ்ச எட்டு மாசத்துக்குள்ள மணி நேரத்த பதிவு பண்ணாத்தான் முழுசா கணக்கு, அத தாண்டி அஞ்சு வருஷம் வரைக்கும் பாதிதான் தருவாங்க. இது தெரியாம முதல் ஆஃபீஸ்ல நான் செஞ்ச வேலைல நிறைய பாதியா போச்சு, இப்ப நெனச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்கும். வேலைக்கு சேந்த அன்னிக்கே என்கார்ப் ரெக்கார்ட தொறந்துருங்க.

பரீட்சை ஏ.ஆர்.இ, ஆறு பேப்பர், எந்த வரிசைலயும் எழுதலாம், நிறைய ஸ்டேட்ல அனுபவம் முடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம். ஒரு பேப்பர்ல ஃபெயிலானா 60 நாள் கழிச்சு திரும்ப எழுதலாம், வருஷத்துக்கு ஒரு பேப்பர மூணு தடவ வரைக்கும். முன்னாடி பாஸான பேப்பருக்கு அஞ்சு வருஷக் கெடு இருந்துச்சு, 2023 மே மாசத்துலேந்து அத எடுத்துட்டாங்க. குழந்தை பிறந்து நடுவுல நிறுத்தின பொண்ணுங்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு எனக்கு தெரியும், நிறுத்தி வெச்சிருந்தா இப்ப திரும்ப எடுங்க.

நமக்கு கஷ்டமா இருக்கறது டிசைன் இல்ல, இந்த ஊரு. ஆர்.சி.சி தூணும் செங்கல் சுவரும் போட்டு பழகின கை, இங்க வீடு மரச்சட்டத்துல நிக்குது, மில்லிமீட்டர் போயி அடி இன்ச், அதுலயும் எட்டுல மூணு இன்ச்னு பின்னம். பில்டிங் கோட், மாற்றுத்திறனாளிகளுக்கான விதி, காண்ட்ராக்ட் படிவம் இதெல்லாம் முதல் வருஷமே கொஞ்சம் கொஞ்சமா படிக்க ஆரம்பிங்க, ஆஃபீஸ்ல பழைய ப்ராஜெக்ட் ட்ராயிங் செட் ஒண்ண எடுத்து லஞ்ச் நேரத்துல ஒவ்வொரு ஷீட்டா பாருங்க, எனக்கு எந்த புக்கவிடவும் அதுதான் கை குடுத்துச்சு.