கால்ஃபுக்காக ஜிம்மில் சேர்பவர்கள் செய்யும் தவறுகள்

கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். நந்தனத்தில் காலையில் ஆடிவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஜிம்முக்குள் நுழைகிறவர்களைச் சென்னையில் இப்போது நிறையவே பார்க்கிறேன். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த கோளாறுகளை ஒன்று விடாமல் அவர்களும் செய்கிறார்கள். வார்ம்-அப் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கீழ்முதுகைத் திருகுவது

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் குறைய மாட்டேன் என்கிறது.

ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, சொந்தத் தொழில். பந்தை நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையில் தூரம் குறைந்துவிட்டது என்று கவலை. “ஸ்விங்னா திரும்புறதுதானே சார், அதனால திரும்புற பயிற்சியாப் பார்த்துப் பண்றேன்” என்றார். செய்து காட்டச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, பத்து கிலோ பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தார். ரஷ்யன் ட்விஸ்ட். முதுகு ஆமை ஓடு மாதிரி வளைந்திருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் பிளேட் தரையில் இடித்தது. முடித்து எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “இது தினமும் இருக்கா?” என்றேன். “அது வயசு சார்.”

வயசு இல்லை. கீழ்முதுகில் இருக்கிற ஐந்து முள்ளெலும்புகளும் குனிந்து நிமிர்வதற்கு வாகாக அமைந்தவை. பக்கவாட்டில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டிகிரிதான் திரும்பும். ஐந்தும் சேர்ந்தாலும் பத்துப் பதினைந்து டிகிரியோடு சரி. மட்டையைப் பின்னால் தூக்கும் முழு பேக்ஸ்விங்கில் தோள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகிறது. மிச்சம், விலா எலும்புகள் பொருந்தியிருக்கும் நடுமுதுகிலிருந்தும், தொடை இடுப்போடு சேரும் மூட்டுகளிலிருந்தும் வர வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு முதலில் இறுகுவது இந்த இரண்டு இடங்கள்தான். இவை திரும்ப மறுத்தால் அந்த வேலையும் கீழ்முதுகின் தலையில் விழும். மட்டையைப் பந்தை நோக்கி இறக்கும் டவுன்ஸ்விங் முழுவதும் கால் நொடி சமாச்சாரம். அதற்குள் அங்கே ஏறும் அழுத்தம் உடல் எடையைப்போலப் பல மடங்கு. குனிந்த நிலையில், பாரத்தோடு திருகுவதுதான் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு ஆகவே ஆகாத காரியம். அதையே ஜிம்மில் காசு கொடுத்துத் தினமும் செய்தால் எப்படி?

கால்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் முதுகில் 2014 முதல் 2017 வரை நான்கு முறை கத்தி பட்டது. கடைசியில் முள்ளெலும்புகளையே இணைத்தார்கள். 2019-இல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தாரே என்று உடனே பதில் வரும். ஜெயித்தார். நடுவில் அவர் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிளப்பை (கால்ஃப் மட்டை) தோள்களுக்குக் குறுக்கே அணைத்துப் பிடித்து, இடுப்பு அசையாமல் திரும்புங்கள். இரு பக்கமும் 45 டிகிரி வர வேண்டும். அப்புறம், முழங்கால் நகராமல் ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக உயர்த்துங்கள். அடுத்து இன்னொரு பாதம். வலது கைக்காரர்கள் இடது காலைக் கவனிக்க வேண்டும், பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பு அந்தத் தொடைமேல்தான் சுழல்கிறது. அது வலதைவிடக் குறைவாக உயர்ந்தால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். நம்மவருக்கு இடது பாதம் நகரவே இல்லை.

பிளேட்டை வாங்கி வைத்தேன். ஒருக்களித்துப் படுத்து, மேல் கையைப் பின்னால் விரித்து நடுமுதுகைத் திறப்பது ஒன்று. இடுப்பு மூட்டுக்குத் தரையில் உட்கார்ந்து இரு முழங்காலையும் மடக்கிப் பக்கம் மாற்றுவது ஒன்று. மூன்றாவது, எடையைக் கம்பிக் கயிற்றால் இழுக்கும் கேபிள் மெஷினுக்குப் பக்கவாட்டில் நின்று, பிடியை நெஞ்சுக்கு நேரே நீட்டி, அது இழுக்கிற பக்கம் உடம்பு திரும்பாமல் நிற்பது. கீழ்முதுகுக்குத் தேவை இந்தப் பிடிமானம்தான். “வேர்க்கவே இல்லையே சார்” என்று முனகினார். நான் இல்லாத நாளில் பிளேட்டை எடுத்ததும் தெரியவந்தது. சில மாதம் கழித்துக் கையை ஊன்றாமல் எழுந்தார், தூரமும் கொஞ்சம் கூடியது.

வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

கேபிளில் கிளப்பைக் கட்டி வீசுவது

வேண்டாம். ஸ்விங்கைப் பந்தை வைத்துப் பழகுங்கள்.

பாரம் மட்டும் தூக்குவது

டெட்லிஃப்ட், ஸ்குவாட் எல்லாம் அவசியம். ஆனால் மெதுவாகவே தூக்கிப் பழகிய உடம்புக்குக் கால் நொடியில் பலத்தைக் காட்டத் தெரியாது. இரண்டு மூன்று கிலோ மெடிசின் பால் என்கிற கனமான பந்தைச் சுவரில் பக்கவாட்டாக எறியுங்கள். இதுவும் திருகுவதுதானே என்றால், இல்லை: பாதமும் இடுப்பும் முதலில் திரும்பி, கை கடைசியில் வருகிறது. பக்கத்துக்கு ஐந்தாறு எறிதல், நல்ல ஓய்வு. மூச்சு வாங்கும் வரை எறிந்தால் வேகம் போய்விடும். அமெரிக்க கால்ஃப் வீரர் பிரைசன் டிசாம்போ உடம்பை ஏற்றிக்கொண்டு 2020-இல் யூ.எஸ். ஓபன் போட்டியை வென்ற பிறகு, எடை கூட்டினால் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவருக்கு அப்போது 27 வயது, ஆட்டம்தான் முழுநேர வேலை.

முழங்கை வலியோடு டம்பெல்

முழங்கையின் உட்பக்கம் வலித்தால் மணிக்கட்டுப் பயிற்சியைக் கூட்டுவார்கள். முதலில் பயிற்சி மைதானத்தில் (ரேஞ்ச்) அடிக்கும் பந்துகளைக் குறையுங்கள். கெட்டியான விரிப்பில் (மேட்) நின்று, மட்டையின் பிடியை நெரித்துப் பிடித்து பக்கெட் பக்கெட்டாக அடித்ததில் வந்த வலி அது. வலி தணிந்ததும் லேசான டம்பெல், இறக்கும்போது மெதுவாக.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கால் பயிற்சி

ஞாயிறு ஆடுவதென்றால் வியாழனோடு நிறுத்துங்கள்.