இங்கிலீஷ் லெக்சரைக் கேட்கும்போது எல்லாவற்றையும் எழுதாதீர்கள்

ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் என்பிடிஇஎல் (NPTEL) வீடியோ ஒன்றில் ஐந்து நிமிடம் மட்டும், சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பேச்சு திரும்பும் இடத்துச் சொற்களை மட்டும் குறியுங்கள்: 'ஹவெவர்', 'ஃபார் எக்ஸாம்பிள்', 'சோ வாட் வீ சீ ஹியர் இஸ்'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று சொல் போதும். அப்புறம் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து, கேட்டதை ஒரு நிமிடம் இங்கிலீஷில் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள். கடைசியில்தான் சப்டைட்டில், அல்லது பாடத்தோடு கிடைக்கும் எழுத்து வடிவம்.

எல்லாவற்றையும் எழுதப் போனால் கை ஒரு வரியில் இருக்கும்போதே காது அடுத்த மூன்று வரியைத் தவறவிட்டுவிடும். 'ஹவெவர்' காதில் விழுந்தால், முன்பு சொன்னதற்கு மாறாக ஏதோ வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடும். நடுவில் இரண்டு சொல் புரியாவிட்டாலும் இழை அறுந்துபோகாது. செமினாரில் நீங்கள் பேசும்போதும் இதே சொற்கள்தான் கைகொடுக்கும். தமிழ்வழியில் படித்து முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கு இது ரொம்பவே பயன்படும்.

போர்டில் கணக்கு போட்டுக் காட்டும் வகுப்புக்கு இது சரிவராது, அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். யூடியூப் தானாகத் தரும் சப்டைட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். துறைச் சொற்களை அது சில சமயம் கன்னாபின்னாவென்று மாற்றிவிடும்.