நாற்பதுக்கு மேல் வரும் படபடப்பு: என்ன செய்யலாம்

இத்தனை வருஷம் வீட்டையும் வேலையையும் அசராமல் இழுத்துக்கொண்டு வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதில் மகன் பைக் சாவியை எடுத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கேஸை அணைத்தோமா என்று பாதித் தெருவில் நின்று யோசிக்கிறார், விசேஷ வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது. "சும்மா கண்டதையும் யோசிக்காத" என்று சொல்ல மட்டும் வீட்டில் ஆள் இருக்கும். யோசிப்பதால்தான் படபடப்பு வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். மாதவிடாய் நின்றுபோகும் மெனோபாஸை ஒட்டிய வருஷங்களில் பல நேரம் உடம்புதான் முதலில் பதறும், மனசு அதற்கு அப்புறம் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அதற்கு முந்தைய சில வருஷங்கள்தான் பெரிமெனோபாஸ், தொல்லை அதிகம் அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாது, ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் விழும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனும் சரியாகச் சுரக்காது, மூளையை அமைதியாக வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பீரியட்ஸ் ஓரளவு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே இதெல்லாம் ஆரம்பித்துவிடலாம் என்பதால் பலருக்கும் படபடப்பையும் மெனோபாஸையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்கள், பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் எப்போதுமே எரிச்சலும் அழுகையுமாக இருந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதல் வேலை, மாதக் காலண்டரில் குறிப்பது. பீரியட்ஸ் வந்த நாள், உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்த நேரம், தூக்கம் கெட்ட இரவு, படபடப்பு வந்த நாள், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் போனால் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்துவிடும். டாக்டரிடம் அதையே போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு, இதே வியர்வை, இதே தூக்கமின்மை வரும். ரத்தப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால் அது ரத்தசோகை, அதிலும் மாடிப்படி ஏறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளலாம். ஆக தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட், ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர், ஒரு ஈசிஜி, இவற்றைப் பார்த்துவிடுங்கள். 45 தாண்டியவருக்கு அறிகுறிகளை வைத்தே பெரிமெனோபாஸ் என்று சொல்லிவிடலாம், ஹார்மோன் டெஸ்டுக்குச் செலவழிப்பது பொதுவாக வீண்தான். நெஞ்சை அழுத்துவது போல வலித்து கை, தாடை, முதுகு என்று பரவினாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கும் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது.

அப்புறம் ராத்திரி. இரண்டு மூன்று மணிக்குச் சூடு ஏறும், வியர்க்கும், முழிப்பு வரும், நெஞ்சு துடிக்கும், அதற்குப் பிறகுதான் மகளின் கல்யாணம், வீட்டுக் கடன், மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். இந்த வரிசையை ஒருமுறை கவனித்துவிட்டால் அந்த நேரத்துக் கவலைகளை அவ்வளவு நம்பத் தோன்றாது. மெல்லிய பருத்தி நைட்டி, தனிப் போர்வை, உங்கள் பக்கம் திருப்பிய டேபிள் ஃபேன், கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், இவை சூட்டைச் சமாளிக்க. தூக்கம் திரும்ப வரவில்லை என்றால் படுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்காமல் ஹாலுக்கு வந்து உட்காருங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவதை ஐந்து நிமிஷம் செய்யுங்கள். முக்கியம், வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். மொபைல் வேண்டாம். எந்த முடிவையும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம், ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். குடித்த காஃபியின் காஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும், அதனால் சாயங்காலக் காஃபியை விட்டுவிடுங்கள். காலை ஃபில்டர் காஃபியை நான் கேட்கவில்லை, அதைப் பிடுங்கினால் வேறு பதற்றம் வரும்.

பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ படபடப்பு வந்தால் உடனே எழுந்து ஓடாதீர்கள். உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனித்து, அதே நீள மூச்சு. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். பயந்து ஒவ்வொரு இடமாகத் தவிர்க்க ஆரம்பித்தால் கடைசியில் வாசல் தாண்டவே பயம் வரும்.

இதெல்லாம் செய்தும் அடங்கவில்லை என்றால் சிகிச்சை இருக்கிறது. சூடும் வியர்வையும் தூக்கத்தைக் கெடுத்துப் பதற்றம் வருகிறவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை நன்றாக உதவும். 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 வருஷத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்த பிரச்சினை இருந்தவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பதற்றத்துக்கான மாத்திரைகளில் சில, வேலை செய்யவே சில வாரம் எடுக்கும், நாலு நாளில் விட்டுவிட்டால் பயனில்லை. சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது. பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், தூக்கம் வரும், கூடவே பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். படபடப்புக்கு அது மருந்தில்லை, கூடவே சினைப்பையையும் எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள், கணவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும். "எனக்கு உடம்பு இப்படி இருக்கு, ராத்திரி பாத்திரம் உங்க வேலை" என்று வேலையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், ஒத்தாசை பண்ணுங்க என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். வீட்டில் பேச முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.